14. பூநாரைக்கு எந்தப் பக்கம் முழங்கால்?

போன வாரம் கொத்தனார் சின்னராசுவைச் சாரத்தின் மேலேயே விட்டுவிட்டு நாம் பாட்டுக்கு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாக ஒரு கையில் கரண்டியும் இன்னொரு கையில் பீடியுமாக அங்கேயே நிற்கிறான். முதலில் அவனை இறக்கிவிடுவோம்.

"பாமாம்மா, ஆயிட்ச்சு! கண்ணு வச்சாச்சு. எறங்கட்டா?"

"இறங்கு. பீடியை அணைச்சுட்டு இறங்கு" என்றாள் ஸத்யபாமா.

இந்த வாரம்தான் பத்திரிகை கைக்குக் கிடைத்தவர்களுக்காக நாலு வார்த்தை. மற்றவர்கள் அதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வரலாம்.

பழவேற்காட்டில் ஏரிக்குப் போகிற ரோட்டில் புதிதாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரி எழும்பியிருக்கிறது. இடம் கொடுத்தவர் ஊர் வியாபாரி அப்துல் கனி. அவர் மகள் ஜாஹிதா தலைப்பிரசவத்துக்கு மாட்டு வண்டியில் பொன்னேரி போகிற வழியிலேயே கண்ணை மூடிவிட்டாள். இன்னொரு வீட்டுப் பெண்ணுக்கு அப்படி ஆகக் கூடாது என்று கொடுத்த இடம் அது. ஜாஹிதாவுக்கு ஏரிக்கு வருகிற பூநாரை என்றால் உயிர் என்று அவள் தாய் நசீம் பானு ஒரு நாள் ஆஸ்பத்திரிக்கு வரப்போகிற லேடி டாக்டரிடம் சொல்லப்போக, வாசல் முகப்பில் ஏழடி உயரத்துக்குச் சிமெண்டில் ஒரு பூநாரை வைப்பது என்று முடிவாயிற்று. "கட்டடம் சர்க்காருது. முன்னாடி இன்னா வைக்கணும்னு அவங்க பாத்துக்கட்டும்" என்று கனி பாய் ஒதுங்கிக்கொண்டார்.

ஒதுங்காதவர் ஓவர்சீயர்தான். அவருக்கு அந்த இடத்தில் ஒரு கடிகாரம் வைக்க வேண்டும். கடிகாரம் மரப்பெட்டியில் வந்து வராந்தாவில் உட்கார்ந்தும் விட்டது. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அன்று காலைக்குள் பறவை முழுசாக நின்றால் பறவை. இல்லாவிட்டால் கடிகாரம்.

பாமாவுக்கு இருபத்துநாலு வயது. சென்னையில் சிற்பம் படித்துவிட்டு இரண்டு வருஷம் சும்மா இருந்தவள். "பொம்மனாட்டி சிமெண்ட் குழைச்சா நிக்குமா?" என்று கேட்காத ஆள் பாக்கியில்லை. இதுதான் முதல் வேலை. இது நிற்காவிட்டால் இனி ஒருத்தரும் அவளை நம்பி ஒரு மூட்டை சிமெண்ட் தரப்போவதில்லை. விஷயம் அவ்வளவுதான்.

துணைக்கு வந்திருப்பவர் அப்பா ராமஸ்வாமி. திருவள்ளூரில் பெருமாள் கோயில் வாகனங்களைத் தேய்த்துத் துடைத்து அலங்காரம் பண்ணுகிறவர். முப்பது வருஷமாக அதே வேலை. கல்யாணமாகாத பெண்ணைத் தனியாக அனுப்பவும் முடியாது, அனுப்பாமல் உட்கார்த்தி வைக்கவும் மனசில்லை. கோயிலில் தம்பியை நிறுத்திவிட்டு, இரண்டு மாசமாக இங்கே ஒரு அறை எடுத்துத் தானே சமைத்து மகளுக்குப் போடுகிறார். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். "பேசட்டுமே. வாய் வலிச்சா நிறுத்துவா" என்றார். எனக்கு இந்த மனுஷனை ரொம்பப் பிடிக்கும். அதை உங்களிடம் மறைப்பானேன்?

இன்று செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணி.

சின்னராசு இறங்கியதும் மூன்று பேரும் ரோட்டில் போய் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். நீளக் கழுத்து வளைந்து இறங்கி, தடித்த மூக்கு கீழே எதையோ தேடுகிறது. ஒரு கால் நேராக ஊன்றி நிற்கிறது. இன்னொரு கால் அடி எடுத்து வைக்கத் தூக்கியிருக்கிறது.

"பேஷ்!" என்றார் ராமஸ்வாமி. "கழுத்து அப்படியே இருக்கு. அந்தத் தூக்கின கால் எப்படி இருக்கு, சொல்லு?"

"அதுதானே அப்பா முதல்ல கண்ணுல படறது."

அவருக்கு முகம் மலர்ந்துபோயிற்று. ஏனென்றால் அந்தக் கால் மட்டும் அவர் உபயம்.

அந்த நேரத்தில்தான் திரை கட்டின வண்டி ஒன்று வந்து நின்றது. ஆள் நடமாட்டம் கூடுவதற்கு முன்னால் பார்த்துவிட்டுப் போக நசீம் பானு வந்திருந்தார். வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கினார். கூடவே வெட்டாத இளநீர் நாலு. சமைத்தது எதைக் கொடுத்தாலும் ராமஸ்வாமி தொடமாட்டார் என்று தெரிந்து, எப்போது வந்தாலும் இளநீர்தான் கொண்டுவருவார். யாரும் யாருக்கும் சங்கடம் வைக்காத ஏற்பாடு.

பறவையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். துப்பட்டி ஓரத்தால் கண்ணைத் துடைத்தார்.

"அல்லா... இன்னா அழகா செஞ்சிருக்கே கண்ணு! என் பொண்ணு மாடி ஜன்னல்ல நின்னுக்கினே இதுங்களைப் பாக்கும். சோறு ஆறிப்போவும், வராது. இப்பிடித்தான் தலையைக் கவுத்துக்கினு மேயும். இப்பிடியேதான்!"

இரண்டு மாசமாகப் பாமா காத்திருந்தது ஓவர்சீயர் கையெழுத்துக்கு இல்லை. இந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

நசீம் பானுவின் பார்வை மெதுவாகக் கீழே இறங்கியது. கழுத்து, இறக்கை, அப்புறம் கால். அங்கே வந்ததும் நின்றுவிட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அந்தக் கால் இருக்கே, அது மட்டும் நான் சொல்லிக் குடுத்தது" என்றார் ராமஸ்வாமி, குழந்தை மாதிரி. "மத்ததெல்லாம் அவ வித்தை. கால் என்னது."

எடுத்த வாயை நசீம் பானு மூடிக்கொண்டார்.

"நல்லா கீது சாமி. ரொம்ப நல்லா கீது. நான் வர்றேன். அவுரு நாஷ்டாவுக்குக் காத்துக்கினு இருப்பாரு."

சொன்னது நல்ல வார்த்தைதான். ஆனால் பறவையைப் பார்த்துச் சொல்லவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார். பாமா கவனித்துவிட்டாள். வண்டிக்குப் பின்னாலேயே ஓடி, திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, என்ன குறை? சொல்லுங்கோ."

"ஒண்ணுமில்ல கண்ணு. ஊட்டுக்குப் போவணும்."

"ஜாஹிதா மேல ஆணையாச் சொல்லுங்கோ."

இப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டாள். நசீம் பானு தன் கையை நீட்டி, மணிக்கட்டை மடித்துக் காட்டினார்.

"பட்சிக்குக் காலு ரெண்டு எடத்துல மடியும்மா. மேல ஒண்ணு, ரெக்கைக்குள்ள ஒளிஞ்சிக்கினு இருக்கும், அது முன்னாடி மடியும். வெளியே தெரியறது கீழே இருக்கிற மடிப்பு. அது பின்னாடிதான் மடியும். நீ மனுசன் முட்டி மாதிரி முன்னாடி மடிச்சிட்டியே! நாங்க ஊட்ல தெனம் கோழி அறுக்கறோம், அதனால சட்டுனு கண்ணுல பட்டுட்ச்சு. நீங்க கோழிக்காலைக் கையால தொட்டாத்தானே?"

பாமா திரும்பிப் பறவையின் காலைப் பார்த்தாள்.

தொட்டதில்லை. நிஜம்தானே? அவர்கள் தெருவில் கோழி கிடையாது. தினம் சாதம் வைக்கிற காக்காய்க்கு முழங்கால் எங்கே இருக்கிறது என்று யார் குனிந்து பார்த்தார்கள்? சென்னையில் படித்தபோது வெள்ளைக்காரச் சிலைகளின் காலை வரைந்து வரைந்து கை வலித்ததுதான் மிச்சம். இங்கே வந்து கரையில் உட்கார்ந்து பூநாரைகளை நாள் கணக்காக வரைந்தாள். ஆனால் அவை எங்கேயோ தூரத்தில், தண்ணீருக்குள் நின்றன. கழுத்து தெரிந்தது, மூக்கு தெரிந்தது. கால் பாதிக்கு மேல் தண்ணீரில்.

படகில் கிட்டே போய்ப் பார்க்கிறேன் என்று கேட்டாள். அப்பா விடவில்லை. கிணற்றையே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கிற ஆசாமி அவர். "படகாவது, கிடகாவது! காலுக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? கருடன் காலை முப்பது வருஷமா நான் துடைக்கறேனே, என்னைக் கேளு" என்றார். ஒரு முழங்காலை ஊன்றி, ஒரு முழங்காலை முன்னால் மடித்து, கைகூப்பி உட்கார்ந்திருக்கிற கருட வாகனத்தின் காலை அப்படியே அளவு சொன்னார். மகளும் அப்படியே செய்தாள்.

"வேணாம் கண்ணு, உட்டுடு" என்றார் நசீம் பானு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு. "யாரு அதைப் போய்க் குனிஞ்சு பாக்கப்போறா? சாமி மனசு கஷ்டப்படும்."

வண்டி போய்விட்டது.

விட்டுவிடலாமா? ஓவர்சீயருக்குத் தெரியாது. விழாவுக்கு வருகிற பெரிய மனிதர்களுக்கும் தெரியாது. ஆனால் இந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். வலி எடுத்து வருகிற ஒவ்வொரு பெண்ணும், ஜாஹிதாவைப் பெற்றவளும், வாசலில் நுழையும்போதெல்லாம் அந்தக் காலைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போவார்கள். அப்படிப் பேசாமல் போவதைத்தான் பாமாவால் தாங்க முடியவில்லை.

ராமஸ்வாமி சமையலைக் கவனிக்க அறைக்குப் போனதும் அவள் சின்னராசுவைக் கூப்பிட்டாள்.

"அந்தக் காலை உடைச்சுடு."

"இன்னாது?"

"தூக்கின காலை. கலவையை எல்லாம் தட்டிட்டுக் கம்பியை வெளியில எடு. கொல்லன் பட்டறையில குடுத்து வேற மாதிரி வளைக்கணும்."

"இன்னா பேஜாருமா இது! நாலு நாளு சாக்கு போத்தித் தண்ணி ஊத்தி வளத்த காலு! சாமி கேட்டா இன்னா சொல்லுவே?"

"நான் பார்த்துக்கறேன். அப்பா வரதுக்குள்ள முடிச்சுடு."

சின்னராசு முணுமுணுத்துக்கொண்டே உளியை எடுத்தான். முதல் அடி விழுந்தபோது பாமா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். செய்த கையாலேயே உடைப்பதென்றால் சும்மாவா?

அன்றைக்கென்று ராமஸ்வாமி சீக்கிரம் வந்துவிட்டார். கையில் சாப்பாட்டுத் தூக்கு. வாசலில் சிமெண்ட் துண்டுகள் சிதறிக் கிடந்தன. பறவை ஒற்றைக் காலில் நின்றது.

"ஐயையோ! என்னடி ஆச்சு?"

"விரிசல் விட்டுடுத்து அப்பா" என்றாள் பாமா. வாயில் வந்தது அதுதான்.

சின்னராசு சட்டென்று குனிந்து, இல்லாத எதையோ தேட ஆரம்பித்தான்.

"விரிசலா? கலவை சரியில்லையோ என்னமோ. போறது, கவலைப்படாதே." அவர் தூக்கை வைத்துவிட்டு வேஷ்டியை மடித்துக் கட்டினார். "காலுக்கு என்ன பஞ்சம்? இதோ நான் இருக்கேன். மறுபடியும் அளவு எடுத்துக்கோ."

சொல்லிவிட்டு, அந்த ஐம்பத்தெட்டு வயசு மனுஷர், அத்தனை தூசியிலும் ஒரு முழங்காலை ஊன்றி, ஒரு முழங்காலை முன்னால் மடித்து, கைகூப்பி உட்கார்ந்தார்.

"எடுத்துக்கோ. சீக்கிரம். இடுப்பு பிடிச்சுக்கும்."

பாமாவால் முடியவில்லை. எதிரில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

"விரிசல் இல்லேப்பா. நான்தான் உடைக்கச் சொன்னேன். பட்சிக்குக் கால் இப்படி மடியாதாம். பின்னாடிதான் மடியுமாம். நசீம் பானு அம்மா சொன்னா. காத்தால உங்க எதிர்ல சொல்ல மனசு வராமப் போயிட்டா. எனக்கும் வரலே."

ராமஸ்வாமி கூப்பின கையை இறக்கினார். ஆனால் எழுந்திருக்கவில்லை. ஒற்றைக் காலில் நிற்கிற பறவையை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் மெதுவாகக் கையை ஊன்றி எழுந்து, முழங்காலில் ஒட்டின மண்ணைத் தட்டினார்.

"சாத்தமுது ஆறிடும். சாப்பிடு" என்றார்.

செருப்பைப் போட்டுக்கொண்டு ரோட்டில் இறங்கி நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

பாமா சாப்பிட்டாளா என்று கேட்காதீர்கள்.

இரண்டு மணிக்கு அறைக்குப் போய்ப் பார்த்தாள். பூட்டியிருந்தது. இந்த ஊர்க் கோயிலிலும் இல்லை. மூன்று மணிக்கு மறுபடி போய்ப் பார்த்தாள். பூட்டு அப்படியே தொங்கியது. ஊருக்கே போய்விட்டாரோ? கோபித்துக்கொள்கிற ஆள் இல்லையே அவர்? கோபித்துக்கொண்டு அவள் பார்த்ததே இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

நாலு மணிக்குப் புதுவாயல் பக்கமிருந்து புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓவர்சீயரின் ஜீப் வந்தது.

"என்னம்மா இது? போன வாரம் ரெண்டு கால் இருந்துதே?"

"தப்பா இருந்தது சார். திருத்தறேன்."

"தப்பா? எனக்கு ஒண்ணும் தப்பாத் தெரியலையே!"

"உங்களுக்குத் தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஓவர்சீயர் வராந்தாவுக்குப் போய்க் கடிகாரப் பெட்டியை ஆசையோடு ஒரு தட்டுத் தட்டினார்.

"வெள்ளிக்கிழமை காலையில எட்டு மணிக்கு வருவேன். நொண்டிப் பறவையை வச்சுக்கிட்டு விழா நடத்த முடியாது. ரெண்டு கால் இல்லேன்னா, சின்னராசு, நீயே இதை இறக்கிட்டுக் கடிகாரத்தை ஏத்திடு. ஆணி எல்லாம் உள்ளேயே இருக்கு."

ஜீப் போன பிறகு சின்னராசு விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தான். "இன்னிக்கே கம்பியை வளைச்சிக் கட்டி, பொழுது சாயறதுக்குள்ள பூசிட்டோம்னு வையி, ரெண்டு நாளு முழுசாத் தண்ணி காட்டி இறுக உடலாம். வா, சீக்கிரம் வா."

கொல்லன் பட்டறை ஏரிக்கரையில், படகுகள் கட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நங்கூரம் அடிக்கிற கொல்லன். கம்பியை வாங்கிப் பார்த்தான், நெருப்பில் சொருகினான், துருத்தியை அழுத்தினான். பாமா வாசலில் நின்று ரோட்டையே பார்த்தாள். அப்பா வரவில்லை.

அவர் ரோட்டு வழியாக வரவில்லை. படகிலிருந்து இறங்கி வந்தார்.

கனி பாய் வீட்டுப் படகுக்காரன் அவர் கையைப் பிடித்துக் கரையேற்றினான். வேஷ்டி இடுப்பு வரை நனைந்து சேறாகியிருந்தது. நெற்றியில் திருமண் கலைந்து மூக்கு வரை வழிந்திருந்தது. ஒரு செருப்பைக் காணோம்.

"அப்பா! எங்கே போயிட்டேள்? நான் பயந்தே போயிட்டேன்!"

"ஏரிக்குப் போனேன்."

"படகுலயா? நீங்களா?"

"பின்னே, நடந்தா போக முடியும்?" என்றார். முகத்தில் கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. வேறு என்னமோ இருந்தது. "எத்தனை இருக்குங்கறே பாமா! ஆயிரம் இருக்கும். ஒண்ணொண்ணும் காலைத் தூக்கித் தூக்கி நிதானமா வைக்கறது. தண்ணி கம்மியா இருக்கற எடத்துல இறங்கி நின்னு பார்த்தேன். அந்தம்மா சொன்னது சத்தியம். மடிப்பு பின்னாடிதான்."

பாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்றிருந்தது.

"கருடனுக்கு முன்னாடி மடியறதுன்னா, அவர் பெருமாளுக்குக் கைகட்டிச் சேவகம் பண்ணணும். இதுகளுக்கு என்ன? சேத்துல நடக்கணும், வயிறு ரொம்பணும். இது கூட எனக்குத் தோணலே பாரேன்!"

"சாமி, கம்பி பழுத்துட்ச்சு" என்றான் கொல்லன் உள்ளேயிருந்து. "நீதான் பாத்துட்டு வந்துட்டியே. எவ்ளோ மடிக்கணும், காட்டு."

ராமஸ்வாமி கையைத் தூக்கி மடித்துக் காட்டப்போனார். பாதியில் நிறுத்திவிட்டார்.

"வேண்டாம். வெளியில எடுத்துடுங்கோ."

"இன்னா சாமி?"

"காலம்பற அவ படகுல போய்ப் பார்த்துட்டு வருவா. அவ சொல்ற மாதிரி மடியுங்கோ. ஒரு தடவை நான் சொல்லி அவ செஞ்சாச்சு. அது போதும்."

சின்னராசு தலையில் கை வைத்துக்கொண்டான். "வெளையாடறியா சாமி? நாளைக்கு மத்தியானம் பூசினா, வெள்ளிக்கிழம காத்தால ஈரமா இருக்கும். கையை எடுத்தா காலு கூடவே வரும்! அந்தாளு கடியாரத்தை ஏத்திடுவாரு!"

"ஏத்தினா ஏத்தட்டும்" என்றார் ராமஸ்வாமி. பிறகு மகளைப் பார்த்து, "இல்லே, நீ சொல்லு. உன் வேலை. இப்பவே மடிக்கச் சொன்னா நான் காட்டறேன்" என்றார்.

பாமா நெருப்பைப் பார்த்தாள். சிவந்திருக்கிற கம்பியைப் பார்த்தாள். கொல்லன் குறட்டோடு காத்திருந்தான்.

"எடுத்துடுங்கோ. காலையில வரேன்" என்றாள்.

"போச்சுடா!" என்று சின்னராசு மண்ணில் உட்கார்ந்தான்.

"படகுக்காரன்கிட்ட சொல்லிட்டேன். விடிஞ்சதும் வருவான்" என்றார் ராமஸ்வாமி.

"நீங்களும் வரேள்தானே?"

"நான் கரையில நிக்கறேன். நான் வந்தா, 'பிடிச்சுக்கோ, பிடிச்சுக்கோ'ன்னு கத்திண்டே வருவேன். அத்தனையும் பறந்து போயிடும்."

பாமாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. குனிந்து அவர் வேஷ்டி நுனியைப் பிழிந்துவிட்டாள்.

"பயமா இல்லையாப்பா?"

"இல்லாம என்ன? போறச்சே பாதி தூரம் கண்ணைத் திறக்கவே இல்லை."

"பின்னே ஏன் போனேள்?"

படகைக் கட்டிவிட்டுப் போகிற ஆளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"விரிசல்னு சொன்னியே" என்றார் கடைசியில். "பொறந்ததுலேர்ந்து நீ எங்கிட்ட பொய் சொன்னதில்லே. என் மனசு நோகப்படாதுன்னுதான் சொன்னே, தெரியறது. ஆனா இனிமே எது சொல்றதா இருந்தாலும், அப்பா தாங்குவாரா மாட்டாரான்னு பார்த்துப் பார்த்துத்தானே சொல்லுவே? அதை நெனச்சுண்டே நடந்தேன். அப்புறம் தண்ணி ஒண்ணும் அவ்வளவு பயமாத் தெரியலே."